விட்டுப்போன இரண்டெழுத்து

பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைப் படிக்கிறவர்கள் 'கூலி' என்ற வார்த்தையிடமிருந்து தப்பவே முடியாது. இது எங்கே பிறந்தது என்பதில் ஒரு வழக்கு உண்டு. 1886-ல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி, மேற்கு இந்தியாவின் கோலி என்ற ஜாதிப் பெயரைப் பிறப்பிடமாகக் காட்டுகிறது. நம் தமிழ்க் 'கூலி'யையும் உறவில் சேர்த்துக்கொள்கிறது. வழக்கை அகராதிக்காரர்களிடமே விட்டுவிடுவோம்.

எனக்குள்ள குறை வேறு. தமிழில் கூலி என்றால் காசு. வேலைக்கு ஈடாகக் கைக்கு வருவது. வேலை செய்கிறவரைச் சொல்ல வேண்டுமானால் 'கூலியாள்' என்போம். ஆங்கிலம் கூலியை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டது.

அப்புறம் அந்த வார்த்தை எடுத்த அவதாரங்களைப் பாருங்கள். தோட்டத் துரைமார்களின் செய்தியில் கூலி என்றால் லயத்தில் குடியிருக்கும் தொழிலாளி. சீனச் செய்தியில், மக்காவிலிருந்து கியூபாவுக்கும் பெருவுக்கும் அனுப்பப்பட்ட சீனன். துறைமுகச் செய்தியில் அது ஏறக்குறைய ஒரு சரக்கு. 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் 300-க்கு மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு டர்பன் போய்ச் சேர்ந்தது. அந்த நேட்டாலிலேயே பிறகு இந்தியர் எல்லாருமே கூலிகள் ஆனார்கள். 1893-ல் அங்கே போய் இறங்கிய காந்திஜிக்குக் கிடைத்த பெயர் 'கூலி பாரிஸ்டர்'! காசைக் குறித்த சொல் தொழிலைக் குறித்து, கடைசியில் ஓர் இனத்தையே இழிக்கும் வசையாகிவிட்டது.

அதே 1893-ல் நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே, மலைக் காட்டில், பெரியாறு அணை எழும்பிக்கொண்டிருந்தது. 1887-ல் தொடங்கிய வேலை; 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். மலேரியாவும் காலராவும் வாட்டிய காட்டில் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்களும், அந்நாளைய ஆங்கில எழுத்தில் கூலிகள்தாம். இஞ்சினீயருக்குப் பெயர் உண்டு. சுமந்தவர்களுக்குப் பெரும்பாலும் எண்ணிக்கை மட்டுமே உண்டு.

பென்னிகுவிக் துரையைப் பள்ளத்தாக்கு மறக்கவில்லை. அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். 2013-ல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபமும் திறந்தாயிற்று. முற்றிலும் நியாயமே. ஆனால் அவருக்குக் கல் எடுத்துக் கொடுத்த கைகளுக்கு எந்தப் பெயரை வைப்பது?

2016-ல் ரயில்வே போர்ட்டருக்குக் 'கூலி' என்ற பெயர் வேண்டாம், 'சகாயக்' என்று அழைப்போம் என்று அறிவித்தார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் கம்பத்திலும் போடியிலும் விடியுமுன் ஜீப் ஏறி, மலைக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களுக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை. "ஏலத்தோட்டத்துக்குப் போறோம்" என்பார்கள். கூலி எவ்வளவு என்றும் தயங்காமல் கேட்பார்கள். அவர்களுக்குக் கூலி என்பது அவர்களுடைய காசு. அவர்களுடைய பெயர் அல்ல.

பழைய பத்திரிகையில் இனி அந்த வார்த்தையைக் காணும்போது, விட்டுப்போன 'ஆள்' என்ற இரண்டெழுத்தையும் சேர்த்துப் படியுங்கள். கூலியாள் என்று படித்தால், சுமைக்குக் கீழே ஒரு முகம் தெரியும்.