இந்தியாவில் பழைய இத்தாலிய மோட்டார் சைக்கிள்கள்

இந்தியாவில் இத்தாலிய இருசக்கர வாகனங்களின் வரலாறு 1950களில் லாம்பிரெட்டா ஸ்கூட்டருடன் தொடங்கியது. இன்று டுகாட்டி, ஏப்ரிலியா, எம்.வி. அகுஸ்டா, மோட்டோ குஸ்ஸி போன்ற நிறுவனங்களின் விலை உயர்ந்த மோட்டார் சைக்கிள்கள் வரை அது நீள்கிறது. புதிய வண்டியின் விலை எட்டாதவர்கள் இவற்றைப் பழைய வண்டியாக வாங்குகின்றனர். அழகும் வேகமும் உண்டு, ஆனால் அடிக்கடி பழுதாகும், பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகாது என்ற கருத்து இந்த வண்டிகளைப் பற்றி நெடுங்காலமாக நிலவுகிறது. இந்தக் கருத்தில் ஒரு பகுதி இயந்திரத்தின் அமைப்பிலிருந்து வந்தது. மற்றொரு பகுதி, உதிரி பாகமும் பழுது பார்க்கும் ஆளும் கிடைக்காமல் போன இந்திய அனுபவத்திலிருந்து வந்தது. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே அமைந்த வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழில் வட்டாரம் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க உதவும் இடமாகும்.

ஸ்கூட்டர் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் மலிவான போக்குவரத்து வாகனம் தேவைப்பட்டது. பியாஜியோ நிறுவனம் 1946-ல் வெஸ்பாவையும், மிலான் நகரின் லாம்பிராத்தே பகுதியில் இயங்கிய இன்னொசென்டி நிறுவனம் 1947-ல் லாம்பிரெட்டாவையும் வெளியிட்டன. இரண்டும் இந்தியாவுக்கு வந்தன. பம்பாயைச் சேர்ந்த ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா (ஏ.பி.ஐ.) நிறுவனம் 1950களில் லாம்பிரெட்டாவைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. பஜாஜ் நிறுவனம் பியாஜியோவின் உரிமம் பெற்று 1960களின் தொடக்கத்திலிருந்து வெஸ்பாவைத் தயாரித்தது. அந்த உரிமம் 1971-ல் முடிந்தது. 1972-ல் அதே அமைப்பின் வழியில் பஜாஜ் சேத்தக் வெளிவந்தது.

அது உரிமக் கட்டுப்பாட்டுக் காலம். ஓர் ஆலை ஆண்டுக்கு எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசு தீர்மானித்தது. பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள் பல ஆண்டுகள் காத்திருந்தனர். அதனால் உடனே கையில் கிடைக்கும் பழைய ஸ்கூட்டர், புதிய வண்டியின் கட்டுப்பாட்டு விலையைவிடக் கூடுதலாக விலைபோவதும் உண்டு. வாங்குபவர்கள் பராமரிப்பைப் பற்றி அதிகம் அஞ்சவில்லை. இரு ஸ்ட்ரோக் என்ஜின் எளிமையானது. கார்புரேட்டரைத் துடைக்கவும் பிளக்கைச் சுத்தம் செய்யவும் கிளட்ச் கேபிள் மாற்றவும் தெரிந்த மெக்கானிக் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார். என்ஜின் ஒரு பக்கமாக அமைந்த பஜாஜ் ஸ்கூட்டரைச் சாய்த்துப் பிடித்துவிட்டுக் கிக் அடிப்பது ஒரு தலைமுறையின் அன்றாடப் பழக்கமாக இருந்தது. இத்தாலியில் பிறந்த வண்டி இங்கே உள்ளூர் வண்டியாகவே கருதப்பட்டது.

லக்னோவுக்கு வந்த பழைய தொழிற்சாலை

இன்னொசென்டி 1971-ல் லாம்பிரெட்டா தயாரிப்பை நிறுத்தியது. இந்திய அரசு அதன் இயந்திரங்கள், வரைபடங்கள், வடிவமைப்பு ஆவணங்கள், வணிகப் பெயர் ஆகியவற்றை வாங்கியது. இவற்றைக் கொண்டு 1972-ல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனம் அமைக்கப்பட்டது. பழைய இத்தாலிய இருசக்கர வாகனத்தை வாங்கிய இந்தியர்களுள் மிகப் பெரிய அளவில் வாங்கியது அரசுதான் எனலாம். அது வாங்கியது ஒரு வண்டியை அல்ல, ஓய்வுபெற்ற ஒரு தொழிற்சாலையை.

1975-ல் உற்பத்தி தொடங்கியது. உள்நாட்டில் விஜய் சூப்பர் என்ற பெயரிலும், வெளிநாடுகளுக்கு லாம்பிரெட்டா என்ற பெயரிலும் வண்டிகள் விற்கப்பட்டன. ஏ.பி.ஐ. தயாரித்த வண்டி 'லாம்பி' என்று பெயர் மாறியது. பஜாஜின் விற்பனைக்கும் சேவை வலைப்பின்னலுக்கும் விஜய் சூப்பரால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1997-ல் ஸ்கூட்டர் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. 'விக்ரம்' மூன்று சக்கர வண்டிகளால் நிறுவனம் மேலும் சில காலம் நீடித்தது. 2021-ல் அதை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

ஆனால் லக்னோவில் செய்யப்பட்ட உதிரி பாகங்கள் வேறொரு பயன் தந்தன. இன்னொசென்டியின் மூலக் கருவிகளைக் கொண்டு செய்யப்பட்டவை என்பதால், ஐரோப்பாவில் பழைய லாம்பிரெட்டா வைத்திருந்தவர்களுக்கு அவை ஏற்றுமதியாயின. தயாரித்த நிறுவனமே கைவிட்ட வண்டியும் பாகம் கிடைத்தால் ஓடும் என்பதற்கு அது சான்றாக அமைந்தது.

நம்பகத்தன்மை பற்றிய புதிய அளவுகோல்

1980களின் நடுப்பகுதியில் ஜப்பானியக் கூட்டு நிறுவனங்கள் வந்தன. 1984-ல் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகியும், 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகியவையும் சந்தைக்கு வந்தன. எண்ணெய் மாற்றினால் போதும், வேறெதையும் தொட வேண்டியதில்லை என்ற எதிர்பார்ப்பை இவை உருவாக்கின. அதற்கு முன் வண்டி வைத்திருப்பதும் அதைக் கவனிப்பதும் ஒன்றாகவே கருதப்பட்டன. இதன் பின்னர், கவனிப்பைக் கோரும் வண்டியே குறையுள்ள வண்டியாகப் பார்க்கப்பட்டது. இத்தாலிய மோட்டார் சைக்கிள்கள் இன்று இந்த அளவுகோலாலேயே மதிப்பிடப்படுகின்றன.

டுகாட்டியும் டெஸ்மோ வால்வும்

டுகாட்டி 1926-ல் பொலோனா நகரில் வானொலிப் பாகங்கள் செய்யும் நிறுவனமாகத் தொடங்கியது. போருக்குப் பின் சைக்கிளில் பொருத்தும் 'குச்சியோலோ' என்ற சிறு என்ஜின் வழியாக இருசக்கர வாகனத் துறைக்கு வந்தது. 1954-ல் சேர்ந்த பொறியாளர் ஃபாபியோ தாலியோனி அதன் அடையாளத்தை உருவாக்கினார்.

சாதாரண என்ஜினில் கேம் வால்வைத் திறக்கிறது, ஸ்பிரிங் அதை மூடுகிறது. சுழற்சி மிக வேகமாகும்போது அக்காலத்து ஸ்பிரிங்குகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. தாலியோனி வால்வை மூடுவதற்கும் ஒரு கேமையும் ராக்கரையும் அமைத்தார். இதுவே டெஸ்மோட்ரோமிக் அமைப்பு. 1956-ல் ஸ்வீடன் கிராண்ட் பிரியில் இவ்வமைப்புடைய 125 சிசி வண்டி வென்றது. 1968-ல் சாலை வண்டிக்கும் இது வந்தது. 1972-ல் இமோலா 200 பந்தயத்தில் பால் ஸ்மார்ட் டுகாட்டியில் முதலிடம் பெற்றார். 1979-ல் வந்த பன்டா மாதிரியில் கேமை இயக்க ரப்பர் டைமிங் பெல்ட் பயன்படுத்தப்பட்டது.

பராமரிப்பு அச்சத்தின் வேர் இந்த இரண்டு அம்சங்களில் உள்ளது. டெஸ்மோ என்ஜினில் ஒவ்வொரு வால்வுக்கும் திறக்கும் இடைவெளி, மூடும் இடைவெளி என இரண்டு அளவுகள் உண்டு. சிலிண்டருக்கு நான்கு வால்வு கொண்ட இரட்டைச் சிலிண்டர் என்ஜினில் 16 அளவுகளைச் சரிபார்க்க வேண்டும். அளவு மாறியிருந்தால் உரிய தடிமன் கொண்ட ஷிம் போட வேண்டும். ரப்பர் பெல்ட் ஓடிய தூரத்தால் மட்டுமன்றி வயதாலும் கெடும். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி என்ஜின் சிதையக்கூடும். எனவே பல பழைய மாதிரிகளுக்கு, வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெல்ட் மாற்ற வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

இது வண்டி திடீரென நின்றுவிடும் என்பதைக் காட்டவில்லை. குறித்த காலத்தில் திறமையான கை பட வேண்டும் என்பதையே காட்டுகிறது. புதிய என்ஜின்களில் சோதனைக்கான இடைவெளி 24,000, 30,000 கிலோமீட்டர் என நீண்டது. 2020-ல் அறிமுகமான வி4 கிரான்டூரிஸ்மோ என்ஜினில் டுகாட்டி டெஸ்மோவை விட்டு ஸ்பிரிங்குக்கே திரும்பியது. அதன் வால்வுச் சோதனை இடைவெளி 60,000 கிலோமீட்டர்.

இந்தியாவுக்கு வந்த வழி

2007-ல் இந்திய அரசு 800 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களின் இறக்குமதி விதிகளைத் தளர்த்தியது. அமெரிக்கா இந்திய மாம்பழத்தை அனுமதித்ததற்கு ஈடாக ஹார்லி-டேவிட்சனுக்குத் திறக்கப்பட்ட கதவு அது. இத்தாலிய நிறுவனங்களும் அதைப் பயன்படுத்திக்கொண்டன. டுகாட்டி 2008-ல் ஓர் இந்திய இறக்குமதியாளர் வழியாக வந்தது. அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. 2015-ல் தன் சொந்தக் கிளை நிறுவனத்துடன் டுகாட்டி மீண்டும் தொடங்கியது.

பெனெல்லி 1911-ல் பெசாரோவில் தோன்றி, 2005 முதல் சீன நிறுவனத்தின் உடைமையாக இருக்கும் பெயர். புனேயின் டி.எஸ்.கே. மோட்டோவீல்ஸ் 2015-ல் அதன் விற்பனையைத் தொடங்கியது. 2018-ல் அக்குழுமம் நிதி நெருக்கடியில் வீழ்ந்தபோது உரிமையாளர்கள் சேவையும் பாகமும் இன்றித் தவித்தனர். அதே ஆண்டில் ஹைதராபாத்தைச் சேர்ந்த மற்றொரு நிறுவனம் பெனெல்லியை ஏற்றுக்கொண்டது. 2016-ல் கைனடிக் வழியாக வந்த எம்.வி. அகுஸ்டாவின் விற்பனையும் நீடிக்கவில்லை. இந்நிகழ்வுகளில் வண்டிகளின் பொறியியல் மாறவில்லை. மாறியது அவற்றின் பின்னால் நின்ற வணிக ஏற்பாடு. ஆயினும் பழைய வண்டியின் மதிப்பு சரிந்தது.

வேலூர்-ஆம்பூர் தோல் வட்டாரம்

இந்த வட்டாரத்துக்கு இத்தாலிய இயந்திரங்கள் புதியவை அல்ல. 1972-ல் சீதாராமையா குழு, பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதைக் குறைக்கப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு முதல் கட்டுப்பாடுகள் வந்தன. பாதி பதனிட்ட தோலை அனுப்பிவந்த டேனரிகள் முழுமையாக்கிய தோலுக்கும், பின்னர் காலணிக்கும் மாறின. அதற்குத் தோலைப் பிளக்கும் ஸ்பிளிட்டிங் மெஷின், தடிமனைச் சீராக்கும் ஷேவிங் மெஷின், காலணியின் முன்பகுதியை அச்சில் இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங் மெஷின் ஆகியவை தேவைப்பட்டன. அவற்றை அளித்த நாடுகளில் இத்தாலி முதன்மையானது. புதியவற்றோடு பயன்படுத்தப்பட்ட இயந்திரங்களும் வந்தன. சென்னையில் நடைபெறும் பன்னாட்டுத் தோல் கண்காட்சியில் இத்தாலிய இயந்திர நிறுவனங்கள் தொடர்ந்து பங்கேற்கின்றன.

டேனரியில் பழைய இத்தாலிய இயந்திரம் ஓடுவதற்குக் காரணம் எளிமையானது. அதே வகை இயந்திரங்கள் பல அருகருகே உள்ளன. அவற்றை அறிந்த ஃபிட்டர்கள் இருக்கின்றனர். தேய்ந்த புஷ்ஷையும் ஷாஃப்ட்டையும் லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். வேலை நின்றால் ஏற்படும் இழப்பு பெரிது என்பதால் முதலாளி பாகத்தைக் கையிருப்பில் வைக்கிறார்.

டுகாட்டிக்கு இந்த நான்கும் இங்கே இல்லை. வண்டிகள் மிகச் சில. டெஸ்மோ அளவுகளைச் சரிசெய்யத் தனிக் கருவியும் பயிற்சியும் வேண்டும். மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை லேத்தில் கடைய முடியாது. நிறுவனத்தின் சேவை மையம் சென்னையிலோ பெங்களூரிலோதான் உள்ளது. ஆம்பூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 165 கிலோமீட்டர், சென்னை 190 கிலோமீட்டர். நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு இத்தூரம் ஒரு காலைப் பயணம். ஸ்டார்ட் ஆகாத வண்டியைச் சரக்கு வாகனத்தில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். வேலூரின் கோடை வெயிலும் நகர நெரிசலும் பெரிய இரட்டைச் சிலிண்டர் என்ஜினுக்கும் அதன் மேல் அமர்பவருக்கும் கடுமையானவை.

பழைய வண்டி வாங்குதல்

வெளிநாட்டிலிருந்து பழைய வண்டியைக் கொண்டுவருவது இந்திய விதிகளின்படி கடினம். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதியில்லை. எனவே சந்தையில் உள்ளவை பெரும்பாலும் இங்கேயே புதிதாக விற்கப்பட்டவை. வேறு மாநிலப் பதிவு உள்ள வண்டியானால் தடையின்மைச் சான்று, தமிழ்நாட்டுச் சாலை வரி, மறுபதிவு ஆகியவற்றின் செலவும் விலையோடு சேரும். நேரடி இறக்குமதி வண்டியானால் சுங்கவரி கட்டிய ஆவணத்தைப் பார்ப்பது இன்றியமையாதது.

வண்டியின் விலை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. அதன் பெல்ட், கிளட்ச், பிரேக் வட்டு ஆகியவற்றின் விலை குறைவதில்லை. பழைய இத்தாலிய வண்டியை வாங்கியவர்களில் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். குறைந்த கிலோமீட்டர் ஓடியது என்பது எப்போதும் நல்ல அறிகுறி அல்ல. நெடுங்காலம் நின்ற வண்டியில் பெல்ட் காய்ந்திருக்கலாம், பாட்டரி செத்திருக்கலாம், எரிபொருள் பம்பு அடைத்திருக்கலாம். கடைசி பெல்ட் மாற்றம், கடைசி வால்வுச் சோதனை ஆகியவற்றின் தேதியிட்ட ரசீதே ஓடோமீட்டரைவிட நம்பத்தக்கது. ரசீது இல்லையெனில் அவ்வேலை நடக்கவில்லை என்று கொண்டு, அதன் செலவை விலையில் கழிப்பதே முறை.

எரிபொருளும் ஒரு புதிய கேள்வியை எழுப்பியுள்ளது. 2000களின் நடுப்பகுதியில் டுகாட்டி பயன்படுத்திய பிளாஸ்டிக் டாங்குகள் எத்தனால் கலந்த பெட்ரோலால் உப்பியதாக அமெரிக்க உரிமையாளர்கள் வழக்குத் தொடர்ந்தனர். இந்தியாவில் 2025-ல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலானது. பழைய மாதிரிகளை வாங்குபவர்கள் டாங்கையும் எரிபொருள் குழாய்களையும் தனியே பார்க்க வேண்டியுள்ளது.

மதிப்பீடு

லாம்பிரெட்டா, பெனெல்லி, டுகாட்டி ஆகிய மூன்றின் இந்திய அனுபவமும் ஒரே திசையைக் காட்டுகிறது. பாகமும் ஆளும் இருந்தவரை லாம்பிரெட்டா எளிய வண்டி எனப்பட்டது. இறக்குமதியாளர் வீழ்ந்தபோது பெனெல்லி ஒரே ஆண்டில் சிக்கலான வண்டி ஆனது. டுகாட்டியின் என்ஜின் உண்மையிலேயே கூடுதல் கவனிப்பைக் கோருவது. அக்கவனிப்பு எட்டும் தொலைவில் உள்ளவருக்கு அது திட்டமிடக்கூடிய செலவு, மற்றவருக்கு அது அபாயம். ஆகவே வண்டி நம்பகமானதா என்ற கேள்வியோடு, அடுத்த பெல்ட்டை யார், எங்கே, எந்தப் பாகத்தைக் கொண்டு மாற்றுவார் என்ற கேள்வியும் கேட்கப்பட வேண்டும்.

2023-ல் ஏப்ரிலியா ஆர்.எஸ். 457 மகாராஷ்டிரத்தின் பாராமதி ஆலையில் தயாராகி 4.10 லட்சம் ரூபாய்க்கு அறிமுகமானது. இத்தாலிய விளையாட்டு வகை மோட்டார் சைக்கிள் ஒன்று இந்தியாவிலேயே தயாராவது, ஸ்கூட்டர் காலத்தில் இருந்த நிலையை ஓரளவு மீட்கிறது. அவ்வண்டிகள் பழைய சந்தைக்கு வரும்போது, ஆம்பூரிலோ வேலூரிலோ அவற்றைத் திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகள் உருவாகியிருப்பதைப் பொறுத்தே அவற்றின் பெயர் நிலைபெறும்.