சேர்க்கையும் சேர்த்துக்கொள்ளுதலும்: இணைய வகுப்பில் யாருக்குப் பதில் கிடைக்கிறது?

2011ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தைச் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டபோது, ஏறத்தாழ 1,60,000 பேர் பதிந்துகொண்டார்கள். அன்றிலிருந்து இணையவழிக் கல்வியின் பெருமையெல்லாம் பதிவு எண்ணிக்கையாகவே பேசப்படுகிறது. இந்தியாவில் 2017 ஜூலையில் தொடங்கிய ஸ்வயம் தளத்தைப் பற்றிய பேச்சும் இப்படித்தான். தமிழில் சேர்க்கை வேறு, சேர்த்துக்கொள்ளுதல் வேறு. முன்னதை ஒரு படிவம் முடித்துவிடும். பின்னதை மனிதர்தாம் செய்ய வேண்டும். ஓர் இணைய வகுப்பு பன்மையை மதிக்கிறதா என்பதை, அங்கே கேள்வி கேட்டவர்களில் யாருக்குப் பதில் கிடைத்தது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது என் வாதம்.

கருவியும் இணைப்பும் இல்லாமையே முதல் தடை என்பதில் ஐயமில்லை. 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றின்படி, இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை சுமார் 4 விழுக்காடு. இணைய வசதி பெற்றிருந்தவை சுமார் 15 விழுக்காடு. பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் இதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டவர்களின் நிலை பற்றித்தான் போதிய அளவு பேசப்படவில்லை.

ரேச்சல் பேக்கர், தாமஸ் டீ முதலியோர் 2018இல் வெளியிட்ட கள ஆய்வு இங்கே முக்கியமானது. 124 இணையப் பாடங்களின் கலந்துரையாடல் பகுதிகளில் அவர்கள் கற்பனை மாணவர்களின் பெயரில் கேள்விகளையும் கருத்துகளையும் இட்டார்கள். வெள்ளையர், கறுப்பர், இந்தியர், சீனர் என அடையாளம் காட்டும் ஆண், பெண் பெயர்கள் அவை. முகமோ குரலோ உடையோ தெரியாத இடத்தில், பெயர் ஒன்றுதான் தெரிந்தது. வெள்ளை ஆணின் பெயரில் வந்த பதிவுக்குப் பயிற்றுநர் பதிலளிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 94 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அதாவது ஏறத்தாழ இரு மடங்கு. அந்தப் பயிற்றுநர்கள் தீயவர்கள் என்று நான் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான பதிவுகள் குவியும்போது எல்லாவற்றுக்கும் பதில் எழுத இயலாது. கண் தானாகவே சிலவற்றில் நிற்கிறது. அது எங்கே நிற்கிறது என்பதை நெடுநாள் பழக்கம் தீர்மானிக்கிறது. பதில் பெறாதவரோ தமக்கு நேர்ந்தது புறக்கணிப்பு என்றுகூட அறியமாட்டார். தம் கேள்விதான் மட்டம் என்று எண்ணி அடுத்த வாரம் பேசாமல் இருந்துவிடுவார்.

இதற்கு ஆய்வுலகம் சொன்ன மருந்துகளில் ஒன்று மாணவரின் மனத்தைத் திடப்படுத்துவது. ரெனே கிஸில்செக் குழுவினர் 2017இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரை, பாடத் தொடக்கத்தில் சில நிமிட எழுத்துப் பயிற்சி தந்தால், வளர்ச்சி குன்றிய நாடுகளின் மாணவர்கள் பின்தங்கும் இடைவெளி மறைவதாகக் காட்டியது. பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆனால், இத்தகைய பயிற்சிகளைச் சுமார் 250 பாடங்களில், இரண்டரை லட்சம் மாணவர்களிடம் சோதித்த 2020ஆம் ஆண்டு ஆய்வில் விளைவுகள் மிகச் சிறியனவாக, சூழலுக்குச் சூழல் மாறுவனவாக இருந்தன. எனக்கு இது வியப்பளிக்கவில்லை. ஒதுக்கப்படுபவரிடம் "நீ மனம் தளராதே" என்று சொல்வதும், ஒதுக்குவதை நிறுத்துவதும் ஒன்றாகிவிடுமா?

பெயரை வைத்து ஒதுக்குவதை நிறுத்துவதில் தமிழ்நாட்டுக்கு ஒரு சொந்த அனுபவம் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. பெரியார் தம் பட்டத்தைத் துறந்தார். தலைப்பெழுத்தும் பெயரும் மட்டும் எழுதும் இன்றைய வழக்கம் வேரூன்றியதில் அவ்வியக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. இதில் கவனிக்க வேண்டியது, பட்டத்தால் மதிப்புப் பெற்றிருந்தவர்களே அதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது. சுமை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

பட்டம் போனபின் சாதி போயிற்றா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். ஊரையும் தெருவையும் விசாரித்துச் சாதி அறியும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இணைய வகுப்பிலும் பெயரை மறைத்தால் ஆங்கில நடை காட்டிக்கொடுத்துவிடும். ஐஐடிகளின் என்பிடெல் பாடங்களில் சேரும், தமிழ்வழியில் பள்ளிப்படிப்பு முடித்த மாணவருக்குப் பாடம் விளங்குவதைவிட, ஐயத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கேட்பதே கடினம். ஆகவே பெயர் மறைப்பு மட்டும் போதாது. தமிழில் கேட்ட கேள்விக்கும் பதில் தரக்கூடிய உதவி ஆசிரியர்கள் வேண்டும். இதுவரை பதில் பெறாத மாணவரின் கேள்வி முதலில் பயிற்றுநர் கண்ணில் படும்படி வரிசை அமைய வேண்டும். மாணவரின் பெயர், பதில் எழுதி முடித்தபின் தெரிந்தால் போதும். அதன்பின் தம் அடையாளத்தோடு பேச விரும்புபவர் பேசட்டும். அதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை.

இவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதன் விலையைப் பெர்க்லி காட்டிவிட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் பொதுமக்களுக்குத் திறந்துவைத்த காணொளிகள், செவித்திறன் குறைந்தோர் முதலியவர்கள் பயன்படுத்தும்படி இல்லை என்று அமெரிக்க நீதித்துறை 2016இல் சுட்டிக்காட்டியது. 20,000க்கும் மேற்பட்ட பழைய காணொளிகளைத் திருத்தாமல், 2017இல் பொதுப் பார்வையிலிருந்தே பல்கலைக்கழகம் விலக்கிவிட்டது. முதல் நாளே எழுத்துவரிகள் சேர்த்திருந்தால் எல்லோருக்கும் கிடைத்திருக்கக்கூடிய செல்வம், பொதுமக்களில் எவருக்கும் இல்லாமல் போயிற்று.

இணையவழிப் பாடம் நடத்தும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைப் பறைசாற்றுவது போலவே, பருவ முடிவில் பதில் கிடைக்காமல் கிடந்த கேள்விகளின் எண்ணிக்கையையும், அவற்றைக் கேட்டவர்கள் எந்தெந்தப் பிரிவினர் என்பதையும் வெளியிட வேண்டும்.