முருங்கைக் கட்டையில் திருகாணி: செயற்கைப் பல்வேரின் வரலாறு



சென்ற மாதம் வானொலியில் நான் ஆற்றிய உரையை எழுத்திலும் தரும்படி நேயர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். நான் வைத்தியன் அல்ல, கணக்காளன். ஆனாலும் இந்தக் கணக்கு என் சொந்த வாயில் பிழைத்த கணக்கு.

1991இல் ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் பகலில் படிப்பு, இரவில் தொழிற்சாலை வேலை. மேல் கடைவாய்ப் பல் ஒன்று வலித்தது. வேர்ச் சிகிச்சை செய்தால் காப்பாற்றலாம் என்றார் பல்வைத்தியர். கையில் காசில்லை. பிடுங்குவதுதான் மலிவு, பிடுங்கிவிட்டேன். நம்மில் எத்தனை பேர் அப்படிப் பிடுங்கினோம்! கால் நூற்றாண்டுக்குப் பிறகு அந்த இடத்தில் இம்பிளான்ட் வைத்தேன். ஐந்தாம் மாதம் அது ஆடிக் கழன்று வந்துவிட்டது. வைத்தவரில்தான் பிழை என்று கோபப்பட்டேன். இதன் வரலாற்றை வாசித்த பிறகே கோபம் தணிந்தது.

சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க் பல்லைத் தேடிப் போனவர் அல்ல. 1952இல் எலும்பு மச்சையில் இரத்தம் ஓடுவதைப் பார்ப்பதற்காக முயலின் காலெலும்பில் டைட்டேனியக் குழலொன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதனோடு ஒட்டி வளர்ந்திருந்தது. நமது புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலில் கிடக்கும் இல்மனைற்று இதே உலோகத்தின் தாதுதான்.

1965இல் தாடைக் குறைபாடுள்ள ஒருவருக்குக் கீழ்த்தாடையில் முதன்முதலாக டைட்டேனியத் திருகாணிகளைப் பதித்தார். 2006இல் அவர் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளாக, அவை பயன்பட்டன. ஆயினும் பல்வைத்திய உலகம் நெடுங்காலம் நம்பவில்லை. 1982இல் நமது ரொறன்ரோவில் பேராசிரியர் ஜோர்ஜ் சார்ப் கூட்டிய மாநாட்டிற்குப் பின்னர்தான் வட அமெரிக்கா இதனை ஏற்றது.

1985இல் லெக்ஹோம், சார்ப் இருவரும் தாடை எலும்பை நான்கு வகையாகப் பிரித்தார்கள். முதல் வகை முழுக்க இறுகியது. நான்காம் வகை, மெல்லிய ஓட்டுக்குள் பஞ்சு போன்றது. மேல்தாடையின் பின்புறத்தில் பெரும்பாலும் இதுவே காணப்படும். 1991இல், நான் இங்கு வந்திறங்கிய அதே ஆண்டில், ஜாஃபின், பேர்மன் என்போர் 1054 இம்பிளான்ட்களின் ஐந்தாண்டுக் கணக்கை வெளியிட்டனர். முதல் மூன்று வகை எலும்பில் தோற்றவை 3 சதவீதம். நான்காம் வகையில் 35 சதவீதம்!

காரணம் எளிது. வேப்பம் பலகையில் முறுக்கிய திருகாணி இறுகி நிற்கும். முருங்கைக் கட்டையில் நிற்குமா? முதலில் கிடைப்பது இந்த இயந்திரப் பிடிப்பு. புதிய எலும்பு வளர்ந்து தரும் உயிர்ப்பிடிப்பு பிறகுதான் வரும். இடையில் சில வாரங்கள் பழைய பிடி தளர்ந்திருக்கும், புதிய பிடி இறுகியிராது. அப்போது ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கைச் சற்றுத் தாண்டி அசைந்தாலே போதும், எலும்புக்குப் பதிலாக நாரிழையம் வளர்ந்துவிடும். பிரோனமார்க் கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும் மேல்தாடைக்கு ஆறு மாதமும் காத்திருக்கச் சொன்னது இதனால்தான். மூன்றாம் மாதமே பல்லைப் பூட்டுங்கள் என்று அவசரப்படுத்தியவன் நான்தான்.

அந்த 35 சதவீதம், வழுவழுப்பான பழைய திருகாணிகளின் கணக்கு. பின்னர் அமிலத்தாலும் மணல் வீச்சாலும் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினார்கள். மென்மையான எலும்பில் துளையைத் திருகாணியைவிடச் சிறிதாக இடுகிறார்கள். கூம்பு வடிவானதையும் அகலமானதையும் தேர்கிறார்கள். அதிர்வலையால் உறுதியை அளக்கும் கருவி 1990களில் வந்தது. இன்று மென்மையான எலும்பிலும் பெரும்பாலானவை நிலைக்கின்றன. புகைத்தலும் கட்டுப்படாத நீரிழிவும் இப்போதும் எதிரிகள்தான்.

என் இரண்டாவது இம்பிளான்டுக்கு ஆறு மாதம் பொறுத்திருந்தேன். இப்போது அந்தப் பக்கத்தால் முறுக்குக் கடிக்கிறேன்.

பல் போன இடத்தில் எலும்பு வருடாவருடம் கரைகிறது. தேய்மானக் கணக்கு எழுதும் எனக்கே அது தெரியாமற் போயிற்று. ஆகவே பல்லைப் பிடுங்கும் முன்னர், காப்பாற்ற வழியுண்டா என்று கேளுங்கள். இம்பிளான்ட் வைக்கும் முன்னர், என் எலும்பு எந்த வகை, எத்தனை மாதம் பொறுக்கவேண்டும் என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை.