என்பும் நீறும் சேரும் இடம்



திருமயிலையில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாந் திருநாள் இரண்டு காட்சிகளால் பொலிவு பெறுகின்றது. மாலையில் அறுபத்துமூவர் திருவீதி எழுந்தருளுவதை ஊரே திரண்டு காண்கிறது. காலையில் திருக்குளக் கரையில் நிகழும் காட்சியைக் காண வருவோர் தொகை அத்துணைப் பெரிதன்று. ஞானசம்பந்தப் பெருமான் ஒரு குடத்தின் முன்னே நின்று திருப்பதிகம் பாட, அதனுள் இருந்த என்பும் சாம்பலும் பூம்பாவை என்னும் பெண்ணாக எழுந்த அருட்செயலை அப்போது நடத்திக் காட்டுகின்றனர்.

அந்தக் குடத்தைப் பற்றியே இன்று சிந்திக்க எடுத்துக்கொண்டோம். அதற்குக் காரணம் உண்டு. இறந்தாருடைய அஸ்தியை எங்கே சேர்ப்பது என்னும் வினா இக்காலத்தில் பல இல்லங்களில் எழுகின்றது. "தந்தையார் நாற்பதாண்டு உழுத வயல் இருக்கிறது, அவர் சாம்பலில் ஒரு பிடியை அங்கே தூவலாமா?" என்கிறார் ஒருவர். "அம்மா அந்திதோறும் சென்று அமர்ந்த கடற்கரை இது; இங்கே கரைத்தால் போதாதா, இராமேச்சுரம் போகாவிட்டால் குற்றமாகுமா?" என்கிறார் மற்றொருவர். கேட்பவர் கண்ணில் நீர் இருக்கும். ஆதலின், 'ஆம்' என்றோ 'அன்று' என்றோ ஒரு சொல்லில் விடை கூறுதல் தகாது. முன்னோர் என்ன செய்தனர் என்பதை முதலிற் காண்போம்.

இறந்தாரைச் சேர்க்கும் முறை தமிழகத்தில் எக்காலத்தும் ஒன்றாக இருந்ததில்லை. காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டை வருணிக்கும் மணிமேகலை, ஐந்து வகையினரைச் சுட்டுகிறது. எரியூட்டுவோர், வெளியில் இட்டுச் செல்வோர், குழி தோண்டிப் புதைப்போர், தாழ்ந்த இடத்தில் அடைத்து வைப்போர், தாழியால் கவிப்போர் என்பவர் அவர். தாழிக்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. பொருநைக் கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. அங்கே 1876-இல் ஜாகர் என்னும் செருமானியரும், பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ என்பாரும் அகழ்ந்தபோது, என்புகள் அடங்கிய தாழிகள் மிகுதியாக வெளிப்பட்டன. பொன்னாலாகிய நெற்றிப்பட்டங்களும், இரும்புக் கருவிகளும், நெல்லின் உமியும் உடன் கிடைத்தன. இறந்தவர் எதனை விரும்பினாரோ, எதனைக் கையாண்டாரோ, அதனை அவர் அருகே வைத்து அனுப்பிய அன்பு மூவாயிரம் ஆண்டளவு பழமையுடையது என்பதை அத்தாழிகள் காட்டுகின்றன.

புறநானூற்றில் 256-ஆம் பாட்டு இவ்வன்பின் எல்லையைக் காட்டுவது. வழியிடையே கணவனை இழந்த ஒருத்தி, தாழி வனையும் குயவனை அழைத்து, தனக்கும் சேர்த்து இடமுண்டாகுமாறு அகலமாக வனையும்படி இரக்கிறாள். பிரிந்தவருடைய உடம்பின் எச்சத்தோடு நாமும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அவ்வேட்கை. அதனை எள்ளி நகையாடுதல் நம் வேலையன்று. அது மானிட இயல்பு.

சோழர் காலத்தில் இவ்வேட்கைக்குச் சைவம் ஒரு வடிவம் தந்தது. அதுவே பள்ளிப்படை. முதலாம் ஆதித்த சோழன் காளத்திக்கு அண்மையிலுள்ள தொண்டைமானாற்றூரில் துஞ்சினான். அவன் மகன் முதலாம் பராந்தகன் (ஆட்சி 907–955) அவ்விடத்தே சிவபிரானுக்கு ஒரு கோயில் எடுத்தான். மேற்பாடியில் அரிஞ்சயன் பொருட்டு முதலாம் இராசராசன் எழுப்பியது அரிஞ்சிகை ஈச்சுரம். பழையாறைப் பகுதியில், இன்றைய பட்டீச்சரத்துக்கு அருகே, இராசராசன் தேவியருள் ஒருவரான பஞ்சவன் மாதேவிக்கு முதலாம் இராசேந்திரன் எடுத்ததும் ஒரு பள்ளிப்படையே. இராசேந்திரன் அவர் வயிற்றிற் பிறந்தவன் அல்லன் என்பதையும் நினைக்க. இங்கே நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அரசனும் அரசியும் நினைக்கப்பட்ட அவ்விடங்களில் வழிபாடு பெற்றவன் இறைவன். நினைவு மனிதருடையது, பூசை சிவனுடையது. பிரிந்தவரைச் சேர்த்த மண்ணை மகன் தனக்கென வேலியிட்டுக்கொள்ளவில்லை. விளக்கேற்ற வரும் ஊரார்க்கெல்லாம் அதனைத் திறந்து வைத்தான்.

அரசர்க்குக் கோயில் எடுக்க இயலும். எளியோர்க்கு ஆறும் கடலும் இருந்தன. எரியூட்டிய மறுநாளோ, குலவழக்கின்படி அடுத்துவரும் நாளோ, பால் தெளித்து, தணலாற்றி, என்பைப் பொறுக்கிக் குடத்திலிட்டு, ஓடும் நீரிலோ கடலிலோ கரைப்பது நம் நாட்டு வழக்கம். இதனைச் சஞ்சயனம் என்றும் காடாற்று என்றும் கூறுவர். காசியும் இராமேச்சுரமும், பவானி கூடுதுறையும், காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாரும் இதற்குச் சிறந்தன எனப் பெரியோர் கொண்டனர்.

எனினும் அச்சிறப்பைக் கொண்டு எளியோரை அச்சுறுத்தும் எண்ணம் பெரியோர்க்கு இருந்ததில்லை. இதற்குத் திருப்பூவணத் தலபுராணமே சான்று. மூவர் முதலிகளும் பாடிய வைகைக் கரைத் தலம் அது. தந்தையின் அஸ்தியை இராமேச்சுரத்திற் கரைக்கக் காசியிலிருந்து சுமந்து வந்த ஒருவர், வழியில் திருப்பூவணத்தில் தங்கினார். குடத்தைத் திறந்து பார்த்தபோது என்பெல்லாம் பூவாக இருக்கக் கண்டு, வைகையிலேயே சேர்த்தார் என்பது வரலாறு. தொலைவிலே தேடிப் போன புண்ணியம் நடந்த வழியிலேயே எதிர்ப்பட்டது. அன்போடு சுமந்து வந்த மகனுக்கு இறைவன் இடைவழியிலும் எதிர்ப்படுவான் என்பதே அதன் கருத்து.

இனி நம் காலத்து வரலாற்றுக்கு வருவோம். 1948 சனவரி 31-இல் தில்லியில் காந்தியடிகளின் திருமேனி எரியூட்டப்பட்டது. பதின்மூன்றாம் நாளாகிய பிப்ரவரி 12-இல் பிரயாகைத் திரிவேணி சங்கமத்திலும், நாட்டின் வேறு பல நீர்நிலைகளிலும் அவருடைய அஸ்தி கரைக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று நம் குமரிமுனை. கரைப்பதற்கு முன் மக்கள் வணங்குதற்காகக் கலசம் வைக்கப்பட்ட இடத்தில் 1956-இல் காந்தி மண்டபம் எழுந்தது. அக்டோபர் 2-ஆம் நாள் நண்பகலில் அவ்விடத்தின்மேல் கதிரொளி விழுமாறு அதனை அமைத்துள்ளனர்.

தாம் நேசித்த இடங்களைத் தாமே எழுதிவைத்துச் சென்றவர் சவகர்லால் நேரு. 1954-இல் எழுதிய விருப்ப ஆவணத்தில், தமக்குச் சமயச் சடங்குகள் வேண்டா என்றார். சாம்பலில் ஒரு பிடியைப் பிரயாகையில் கங்கையில் இடுமாறு கேட்டு, அது சமயம் பற்றியதன்று, இளமை முதல் அந்த ஆற்றின்மீது கொண்ட பற்றினால் என்று விளக்கினார். எஞ்சியதன் பெரும்பகுதியை விமானத்தில் எடுத்துச் சென்று, உழவர் பாடுபடும் வயல்களின்மேல் தூவிவிட வேண்டும் என்றும் எழுதினார். அவர் 1964 மே 27-இல் மறைந்தார். சூன் 8-இல் அஸ்தி சங்கமத்தில் சேர்க்கப்பட்டது. அத்திங்களிலேயே விமானங்கள் நாட்டின் பல பகுதிகளில் அவர் சாம்பலைத் தூவின. அவர் மகளார் இந்திரா காந்தி மலைகளை நேசித்தவர். 1984 நவம்பர் 11-இல் அவருடைய சாம்பலை இமயமலையின்மேல் விமானத்திலிருந்து மகனார் இராசீவ் தூவினார்.

சடங்கு வேண்டா என்று நேரு கூறியதை நாம் உடன்படுவதற்கில்லை. சடங்கு இறந்தவர்க்கு மட்டும் உரியதன்று. இருப்பவர் தேறுவதற்கும் அது கைப்பிடியாகும். ஆயினும் ஆற்றையும் வயலையும் அவர் நேசித்த நேசத்தில் நமக்கு மாறுபாடு இல்லை. சைவ சித்தாந்தம் இதற்கு இடந்தருகிறது. உயிர்க்கு இறைவன் கொடுத்தவை தனு, கரணம், புவனம், போகம் என நான்கு. தனு உடம்பு, கரணம் மனம் முதலிய கருவி, புவனம் வாழும் இடம், போகம் நுகரும் பொருள். உடம்பைக் கொடுத்த அருளே வயலையும் ஆற்றையும் கொடுத்தது. ஆதலின் தனு எரிந்து எஞ்சிய நீறு, அது வாழ்ந்த புவனத்தில் கலப்பது இரவல் வாங்கியதை உடையவன் கையில் மீளக் கொடுப்பதாகும். உயிரோ அந்தச் சாம்பலில் இல்லை. அது தன் வினைவழியே, திருவருள் கூட்டும் வழியே சென்றது.

இதனை மறந்தால் என்ன நேரும்? கொடுக்க வேண்டியதைக் கொடுக்க மனம் வாராது. காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி கட்டாக்கு நகரில் ஒரு வங்கியின் பெட்டகத்திலேயே தங்கிவிட்டது. அதனை அவருடைய கொள்ளுப்பேரர் பெற்றுச் சங்கமத்திற் கரைத்தது 1997 சனவரி 30-இல். நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன! உலகம் போற்றிய பெரியாரின் நீறே இவ்வாறு இருளறையில் காத்திருக்க நேர்ந்ததென்றால், நம் இல்லத்துப் பரண்மேல் காத்திருக்கும் குடங்களைப் பற்றி என் சொல்வது!

இப்போது மயிலைக் குடத்துக்கு மீள்வோம். ஏழாம் நூற்றாண்டில் இவ்வூரில் வாழ்ந்த வணிகர் சிவநேசர், தம் மகள் பூம்பாவையை ஞானசம்பந்தருக்கே உரியவள் எனக் கருதி வளர்த்தார். ஏழு வயதில், மலர் கொய்யச் சென்ற இடத்தில் பாம்பு தீண்டி அவள் இறந்தாள். எரியூட்டிய பின் என்பையும் சாம்பலையும் தந்தை குடத்திலிட்டுக் கன்னிமாடத்தில் வைத்தார். மாலையும் சாந்தும் அணிகலனும் சாத்தி, உயிரோடு இருப்பவளைப் போலவே பேணினார் என்று சேக்கிழார் பெருமான் கூறுகிறார். நீரில் விடவும் மனமில்லை. மண்ணில் இடவும் மனமில்லை. மகளை இழந்த தந்தையரெல்லாம் அவரை அறிவர்.

பின்னர் ஞானசம்பந்தர் திருவொற்றியூர்க்கு எழுந்தருளிய செய்தி வந்தது. ஒற்றியூர் முதல் மயிலை வரை சிவநேசர் பந்தரிட்டு அவரை வரவேற்றார். பிள்ளையார் அக்குடத்தைக் கன்னிமாடத்தினின்றும் வெளியே, கோயில் வாயிலின் முன், ஊரார் அனைவரும் காணும் வெளியில் கொண்டுவரச் செய்தார். பின்பு பாடிய பதிகத்தில் என்ன கேட்டார்? எண்ணுந்தோறும் நெஞ்சு கசியும் பகுதி இது. குடத்தை நோக்கி அவர் விழாக்களைப் பற்றியே வினவினார். அடியார்க்கு அமுதூட்டும் விழாவைக் காணாமலே போவாயோ என்றார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி விழா, ஊசல் விழா, பெருஞ்சாந்தி என ஒவ்வொன்றாகச் சொல்லி, இதனைக் காணாமலே போவாயோ என்று கேட்டார்.

அந்தச் சிறுமி வாழ்ந்த ஊரின் கடற்கரையும், விளக்கு வரிசையும், ஊசலும் அப்பாட்டில் வருகின்றன. நேசித்த இடத்துக்கு அவளைக் கொண்டு செல்ல வேண்டும் என்று ஏங்கும் நம் உள்ளத்தின் ஏக்கம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. குடம் உடைந்து, பன்னிரண்டு வயதுக்குரிய வளர்ச்சியோடு பூம்பாவை எழுந்தாள். அவளை மணந்துகொள்ளுமாறு சிவநேசர் வேண்ட, தம்மால் உயிர் பெற்றவள் தமக்கு மகளாவாள் என்று கூறிப் பிள்ளையார் விடைபெற்றார். பெற்ற தந்தை குடத்தைப் பற்றினார். ஞானத் தந்தையோ பெண்ணையும் பற்றாது சென்றார். இவ்விருவர்க்கும் இடையே உள்ள தொலைவே நாம் கற்க வேண்டிய பாடம்.

நம் குடங்களிலிருந்து யாரும் எழுந்து வரப்போவதில்லை. அவ்வருள் ஒருவர்க்கே வாய்த்தது. எனவே நம்மைக் கேட்கும் அன்பர்க்கு நாம் கூறுவது இது. குலவழக்கின்படி செய்ய வேண்டியதை முதலிற் செய்க. ஓடும் நீரிலோ கடலிலோ அஸ்தியைச் சேர்க்க; தொலைதூரத் தலத்துக்குப் போக இயலாதவர் அருகிலுள்ள ஆற்றையே கங்கையாகக் கருதுக. தந்தை உழுத வயலிலும் தாய் வளர்த்த தென்னந்தோப்பிலும் ஒரு பிடி நீற்றைத் தூவுதல் அதற்கு மாறாகாது என்பது நம் கருத்து. ஒரே செடியின் அடியிற் குவித்தால் சாம்பலின் உப்பும் காரமும் வேரை வாட்டும். பரவலாகத் தூவி மண்ணோடு கலந்துவிடுக. பிறர் நிலமாயின் உடையவரிடமும், காடாயின் வனத்துறையிடமும் கேட்டுச் செய்க. ஊரார் குடிக்கும் நீரில் இடவேண்டா. துணியையும் நெகிழிப் பையையும் ஆற்றில் எறிந்துவிட்டு வருவது புண்ணியத்தில் சேராது. எங்கே சேர்ப்பதாயினும் காலந்தாழ்த்தாது சேர்க்க.

சேர்த்த பின்னும் ஒரு கடன் எஞ்சியிருக்கிறது. அவர் நேசித்த விழாவுக்கு, ஆண்டுதோறும் அவர் நின்று தேர் பார்த்த தெருமுனைக்கு, ஒரு குழந்தையின் கையைப் பிடித்து அழைத்து வருக. பசித்து வந்த ஒருவர்க்கு அவர் பெயரால் ஒரு வேளை அமுதூட்டுக. பிள்ளையாருடைய பதிகமும் அமுதூட்டும் விழாவில்தானே தொடங்கிற்று! நீறு எங்கே கலந்தது என்பதைப் பேரப்பிள்ளைகள் மறந்துவிடலாம். "எங்கள் பாட்டி நின்று தேர் பார்த்த இடம் இது" என்று அவர்கள் தம் மக்களுக்குக் காட்டுவராயின், அந்த அன்பு மண்ணிலும் நீரிலும் கரையாமல் நிற்கும்.

சுடலைநீறு பூசிய பெருமான் எல்லார் நீற்றையும் தன் திருமேனியில் ஏற்றுக்கொள்பவன். அவன் ஏற்காத மண் ஏதுமில்லை. அவன் நிறையாத நீரும் ஏதுமில்லை. பிரிந்தாரை அவன் தாளில் ஒப்புவித்து, இருப்பாரை அவன் விழாவில் ஒன்றுகூட்டி வாழ்வோமாக.

திருச்சிற்றம்பலம்.