டார்வின் பிடித்த வண்டுக்குப் பெயர் கிடைத்த கதை

1832 செப்டம்பரில் பீகிள் கப்பல் அர்ஜென்டினாவின் பாயியா பிளாங்காவை அடைந்தது. அதில் வந்த சார்லஸ் டார்வினுக்கு வயது 23. அருகிலிருந்த புன்டா ஆல்டா கரையில் அழிந்துபோன பெருவிலங்குகளின் எலும்புகள் அவருக்குக் கிடைத்தன. உலகம் அவற்றைத்தான் நினைவில் வைத்துக்கொண்டது. அந்த ஆண்டு அதே பாயியா பிளாங்காவில் அவர் ஒரு வண்டையும் பிடித்தார். அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

கேம்பிரிட்ஜில் படித்த காலத்திலேயே டார்வினுக்கு வண்டு என்றால் உயிர். இரு கைகளிலும் அரிய வண்டுகள் இருக்க, மூன்றாவது ஒன்று கண்ணில் பட்டதும், கையிலிருந்த ஒன்றை வாயில் போட்டுக்கொண்டவர் அவர். அது கக்கிய காரமான திரவம் நாக்கைச் சுட, துப்ப வேண்டியதாயிற்று. அப்படிப்பட்டவர் சேர்த்த பூச்சிகளில் ஒன்றாக இந்த வண்டும் கடல் கடந்து இங்கிலாந்து போய், கடைசியில் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தங்கியது. குண்டூசியில் குத்தி, பிடித்த இடத்தை அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். பெயர் மட்டும் இல்லை.

இந்த வண்டு ரோவ் வண்டுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. இவற்றின் முன்சிறகு உறைகள் குட்டையானவை. முதுகின் பெரும்பகுதி மூடப்படாமல் வெளியே தெரியும். இந்தக் குடும்பத்தில் இன்று 60,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. அத்தனை பெரிய கூட்டத்தில் ஒன்றைப் புதிது என்று சொல்ல, அந்தப் பிரிவையே ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய கண் வேண்டும்.

அப்படி ஒருவர் அமெரிக்காவின் சட்டனூகாவில் இருந்தார். டென்னசி பல்கலைக்கழகத்தின் ஸ்டிலியானோஸ் கட்ஸிமனோலிஸ். அருங்காட்சியகங்கள் தங்கள் மாதிரிகளை ஆய்வாளர்களுக்குக் கடனாக அனுப்புவது வழக்கம். அப்படி லண்டனிலிருந்து வந்த பூச்சிகளுக்கிடையே இந்த வண்டு இருந்தது. தலையும் மார்பும் நீலம் கலந்த பச்சையில் உலோகம்போல் பளபளத்தன. உணர்கொம்பின் கணுக்கள் ரம்பப் பல் போல நீட்டிக்கொண்டிருந்தன. அட்டையில் பாயியா பிளாங்கா, டார்வின் என்று இருந்தது.

புது இனம் என்று அறிவிக்க அழகு போதாது. உறவான இனங்களோடு உறுப்பு உறுப்பாக ஒப்பிட வேண்டும். எந்த இடத்தில் வேறுபடுகிறது என்பதை, பார்க்காதவரும் அடையாளம் காணும்படி எழுத வேண்டும். பெயருக்கு ஆதாரமாக ஒரே ஒரு மாதிரியை மூல மாதிரியாகக் குறிக்க வேண்டும். டார்வின் பிடித்த வண்டே அந்த மூல மாதிரி ஆயிற்று. அதற்குத் துணையாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று: 1935க்கு முன் அர்ஜென்டினாவின் ரியோ குவார்டோவில் பிடிபட்டு, பெர்லின் அருங்காட்சியகத்தில் இருந்த இன்னொரு வண்டு.

அறியப்பட்ட எந்தப் பேரினத்திலும் இது அடங்கவில்லை. ஆகவே பேரினமும் புதிதாக உருவானது: டார்வினிலஸ். சிற்றினப் பெயரான செடாரிசி, அமெரிக்கக் கட்டுரையாளர் டேவிட் செடாரிஸை நினைத்து வைத்தது. மாதிரிகளைப் பக்குவப்படுத்தும் நீண்ட நேரங்களில் கட்ஸிமனோலிஸுக்குத் துணையாக ஒலித்தவை செடாரிஸின் ஒலிப் புத்தகங்கள்தாம். 2014 பிப்ரவரி 12 அன்று, டார்வினின் பிறந்தநாளில், 'ஸூகீஸ்' இதழில் விவரிப்பு வெளியானது. பிடிபட்டு 181 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

இது விதிவிலக்கான தாமதம்தான். ஆனால் ஓர் உயிரினம் சேகரிக்கப்பட்டதிலிருந்து அது விவரிக்கப்படும்வரை சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன என்று 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதற்குள் நிலம் மாறிவிடுகிறது. இந்த வண்டு வாழ்ந்த பகுதியில் பெரும்பரப்பு இன்று விளைநிலம். 1935க்குப் பின் பிடிபட்டதாக எந்தப் பதிவும் இல்லாத நிலையில்தான் அதற்குப் பெயரே கிடைத்தது. அது இன்னும் உயிரோடிருக்கிறதா என்று இப்போதாவது கேட்க முடிகிறது. பெயரில்லாத ஒன்றைக் காணவில்லை என்று யாரும் தேடப் போவதில்லை. ஆகவே புதுக் காடுகளுக்கு ஆள் அனுப்புவதோடு, ஏற்கெனவே சேர்த்து வைத்த பெட்டிகளைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்களையும் நாம் உருவாக்கியாக வேண்டும். பெட்டிகளில் உள்ளவை காத்திருக்கலாம். வெளியே நிலத்தில் உள்ள உயிர்கள் காத்திருக்க மாட்டா.