பனியன் தலைமுறையின் மறதிநோய்: முதியோர் இல்லப் பராமரிப்பில் மருந்தில்லா அணுகுமுறைகள்

1. களம்

திருப்பூர் காதர்பேட்டை மொத்தக் கடைகளில் செகண்ட்ஸ் பனியன் வாங்க வருகிறவர்கள் பீஸைத்தான் பார்ப்பார்கள். அதைத் தைத்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. 1984-இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது இருபது வயதில் இருந்தவர் இன்று அறுபதைக் கடந்தவர். 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, அறுபது வயதும் அதற்கு மேலும் உள்ள இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டது. பெரும்பாலோரை வீட்டார்தான் பார்த்துக்கொள்கிறார்கள். இக்கட்டுரை முதியோர் இல்லங்களில் இருப்பவர்களைப் பற்றியது.

2. மருந்தின் எல்லை

கத்தல், அடித்தல், அலைதல் ஆகியவற்றை அடக்க மனநோய் மருந்து கொடுப்பது பழைய வழக்கம். இம்மருந்துகள் மறதிநோய் முதியோரின் இறப்பைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்தது. பிரிட்டனில் இவற்றால் ஆண்டுக்கு 1,800 பேர் கூடுதலாக இறப்பதாக 2009-இல் சுபே பானர்ஜி அறிக்கை கணக்கிட்டது.

அலைச்சலுக்கு முதலில் தேட வேண்டியது காரணத்தை: வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, கேளாத காது.

3. சோதித்த முறைகள்

வாரம் இருமுறை, ஏழு வாரம், மொத்தம் 14 அமர்வுகள் எனக் குழுவாகப் பேசிப் பாடி விளையாடும் அறிவுத் தூண்டல் பயிற்சியை ஏமி ஸ்பெக்டர் குழுவினர் 2003-இல் இங்கிலாந்தில் சோதித்துக் காட்டினர். சென்னை ஸ்கார்ஃப் நிறுவனம் அதைத் தமிழ்ச் சூழலுக்குத் தகவமைத்தது. ஆனால் இது தொடக்க, நடுநிலைகளில் இருப்பவர்களுக்கே உரியது. நோய் முற்றியவருக்குக் கேள்வி-பதில் துன்பம்தான்.

4. திருப்பூருக்கு எது பொருந்தும்

இல்லங்களில் வண்ணம் தீட்டும் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். முப்பது வருடம் கைமடியாக, அதாவது தையல்காரருக்குத் துணியை மடித்து அடுக்கிக் கொடுப்பவராக, இருந்த அம்மாவுக்கு அதில் என்ன இருக்கிறது? காதர்பேட்டைப் பக்கம் கிலோ கணக்கில் கிடைக்கும் கட்பீஸைக் கொடுத்தால், நினைவு கலைந்த பின்னும் விரல்கள் மடிக்கும், அடுக்கும், பண்டல் கட்டும். பழகிய கைவேலை கடைசிவரை தங்கக்கூடியது. கத்தரி மட்டும் வேண்டாம்; பிசிறைக் கையால் எடுக்கட்டும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பீஸ் ரேட்டில் வாழ்ந்தவருக்கு எண்ணிக்கையே பதற்றம். எனவே எண்ணக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது. அந்தப் பண்டல் ஒருநாளும் சந்தைக்குப் போகக் கூடாது. போனால் அது சிகிச்சை அல்ல, கூலியில்லா வேலை.

மாலையில் அமைதியின்மை கூடுவது இந்நோயில் பரவலாகக் காணப்படுவது. ஒன்றரை ஷிப்ட் பார்த்த உடம்பு ஐந்தரை மணிக்கு டீ கேட்கலாம், எட்டரைக்கு வீட்டுக்குக் கிளம்பலாம். “கம்பெனி மூடி இருபது வருசமாச்சு” என்று திருத்தினால் சண்டைதான் வரும். “இன்னைக்கு லீவுங்க” என்ற பொய்யும் எனக்கு உவப்பில்லை. “எந்தக் கம்பெனிங்கம்மா? என்ன மிஷின் ஓட்டுனீங்க?” என்று கேட்டபடி கூடவே நாலடி நடக்கலாம். தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து பிழைக்க வந்தவர் “ஊருக்குப் போகணும்” என்றால் அந்த ஊரைப் பற்றியே பேசலாம்.

5. ஆட்கள்

பிரிட்டனில் 69 இல்லங்களில் 847 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான வெல்ட் ஆய்வு, ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்து, வாரம் ஒரு மணிநேரம் பிடித்ததைச் சேர்ந்து செய்ததில் வாழ்க்கைத் தரம் உயர்ந்து அமைதியின்மை குறைந்ததைக் கண்டது. ஒரு மணிநேரம் பெரிய செலவல்ல. ஆனால் மாதத்துக்கொரு ஆள் மாறும் இல்லத்தில் அதுவும் நடக்காது. புதிதாக வரும் ஊழியரும் முதியவரை அறிய, சேர்க்கைப் படிவத்தில் ஆதார் எண்ணுக்குக் கீழே இன்னும் சில வரிகள் வேண்டும்: கட்டிங்கா, ஓவர்லாக்கா, செக்கிங்கா, பகல் ஷிப்டா, இரவா, சொந்த ஊர் எது, டீக்குச் சர்க்கரை எவ்வளவு.