பூனைக்குட்டி துணி சப்பும் பழக்கம்

தாயிடம் பால் குடிக்க வழியில்லாத பூனைக்குட்டி, போர்வை, தலையணை, முந்தானை, உறங்குபவரின் காது மடல் என்று கிடைத்ததைக் கவ்விப் பால் குடிப்பதுபோலச் சப்பும் பழக்கம் இது. சப்பும்போதே முன்னங்கால்களால் மாறி மாறிப் பிசையும். தாய் மடியில் பால் சுரக்க வைப்பதும் இதே பிசைதல்தான். கூடவே விநாடிக்கு 25 முதல் 150 அதிர்வுகள் கொண்ட குர்குர் ஒலி எழும். பகலில் வேடிக்கையாக இருக்கும் இந்தக் கச்சேரி, நள்ளிரவில் காதருகே தொடங்கினால் வீட்டார் பாடு திண்டாட்டம்.

பூனைக்குட்டிகள் நான்காம் வாரத்தில் பால்குடி மறக்கத் தொடங்கி, எட்டாம் வாரவாக்கில் முடிக்கின்றன. அதற்கு முன்பே தாயைப் பிரிந்தவற்றிடம் இப்பழக்கம் அதிகம். ‘பூனை ஏழு வீடு மாறும்’ என்று நம் ஊர்களில் சொல்வது உண்மையை ஒட்டியதே. தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வேறிடம் மாற்றும். இடையில் தனித்து நிற்கும் குட்டியை அநாதை என்று எண்ணி இரக்கப்பட்டவர் தூக்கிவந்துவிடுவார். சில மணி நேரம் தள்ளி நின்று கவனித்தால் பல குட்டிகள் தாயிடமே சேரும். ஏறத்தாழ 6000 பூனைகளை ஆராய்ந்து ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, குட்டிகளைப் பதினான்கு வாரம்வரை தாயுடன் விடுவதே நல்லது என்றது. சயாமியப் பூனைகளிடம் பரம்பரையாகவும் இப்பழக்கம் காணப்படுகிறது.

குட்டியைத் தாய் கவ்விச் செல்லும் காட்சி வைணவ மரபு ஊறிய காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. வைணவத்தில் தென்கலையார் சரணாகதியை விளக்க எடுத்தாளும் மார்ஜார நியாயம் அதுவே: குட்டி எதுவும் செய்வதில்லை, தாயே காக்கிறாள். வடகலையார் தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைச் சொல்வர். வடகலையாரின் ஆசாரியர் வேதாந்த தேசிகர் 1268இல் பிறந்தது காஞ்சியின் தூப்புலில்தான். பால் குடிக்கும் விஷயத்தில் மட்டும் பூனைக்குட்டியும் வடகலை. கண் திறக்காத பருவத்திலேயே மோப்பத்தாலும் தாயின் உடல் வெப்பத்தாலும் காம்பைத் தானே தேடிப் பிடிக்கிறது.

நான்கு வாரத்துக்கு உட்பட்ட குட்டி சப்பினால் முதலில் பசியைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும் குட்டி, வாரத்துக்கு ஏறத்தாழ அவ்வளவே கூட வேண்டும். பசும்பால் பல குட்டிகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும். பூனைக்குட்டிக்கென விற்கும் பால்பொடியே தக்கது. தாயில்லாத குட்டிகள் ஒன்றையொன்று அடிவயிற்றில் சப்பிச் சிறுநீர்த் துளையைப் புண்ணாக்கிவிடுவதும் உண்டு. அப்போது அவற்றைத் தனித்தனியே வைக்க வேண்டும்.

இரவுத் தொல்லையைக் குறைக்கப் படுக்கும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் கயிற்றில் கட்டிய துணிப்பந்தைத் துரத்தவிட்டு, பிறகு வயிறு நிறைய உணவு தரலாம். வேட்டையாடி, தின்று, உறங்குவது பூனையின் இயல்பான வரிசை. கயிற்றை ஆட்டம் முடிந்ததும் எடுத்து வைத்துவிட வேண்டும். சப்பத் தொடங்கியதும் திட்டாமல் தூக்கி, அதற்கென ஒதுக்கிய துணியில் விடுவது நல்லது. நூல் பிரியாத பழைய பருத்தித் துண்டு போதும். குட்டியை வெளியே விட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்துவதென்றால் உறுதி வேண்டும். ஒரு மணி நேரம் கத்தியபின் திறந்தால், ஒரு மணி நேரம் கத்த வேண்டும் என்றே அது கற்றுக்கொள்ளும். துணியில் மிளகாய்ப்பொடி தடவுவது கொடுமை. நீலகிரித் தைலமும் கற்பூரமும் பூனைக்கு நஞ்சு. ஒவ்வாமை தரும் புரதம் பூனையின் எச்சிலிலும் இருப்பதால், இழுப்பு உள்ளவரின் தலையணையை அது சப்பவிடக் கூடாது. பெரும்பாலான குட்டிகள் வளர வளரத் தாமே விட்டுவிடும்; வாழ்நாள் முழுதும் சப்பும் பூனைகளும் உண்டு, அதனால் மட்டும் கெடுதல் இல்லை.

கெடுதல் நூலால் வருகிறது. காஞ்சியின் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதிகளில் தறி இருக்கும் கூடத்திலேயே குடும்பமும் படுப்பதுண்டு. அறுந்த பட்டிழை, ஜரிகைத் துண்டு, தார் (ஊடைநூல் கண்டு) சுற்றியதில் மிஞ்சிய நூல் எல்லாம் தரையில் கிடக்கும். பூனை நாக்கின் முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பதால், வாயில் புகுந்த இழையை அதனால் எளிதில் துப்ப முடியாது. ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலில் இறங்கினால், குடல் சுருங்கி மடிந்து, இழையாலேயே அறுபடும். ஆகவே சப்பும் பழக்கமுள்ள குட்டியை இரவில் தறிக்கூடத்தில் விடக் கூடாது. படுக்கும் முன் கூட்டிப் பெருக்கி, தார்களைப் பெட்டியில் மூடிவைக்க வேண்டும். வாந்தி எடுத்து, உணவை வெறுத்து, குட்டி சோர்ந்து கிடந்தால் தாமதம் கூடாது. வாயிலோ ஆசனவாயிலோ இழை தொங்கினால் இழுக்கவே கூடாது, இழுத்தால் குடல் கிழியும். உள்ளூர்க் கால்நடை மருத்துவர் பார்த்தபின் அறுவை தேவை என்றால், 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி காஞ்சியிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டரில் இருக்கிறது.